'லிம்' என்றொரு ஆங்கில வினைச்சொல்: விவரிப்பதா, தீட்டுவதா?

ஓரக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டோனி மாரிசன் 1993இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை எங்கள் வாசிப்புக் குழுவுக்காகத் தமிழில் பெயர்த்து வருகிறேன். அதில் ஒரு வாக்கியம் ஏறத்தாழ இப்படி வருகிறது:

"மொழியின் உயிர்த்துடிப்பு, அதைப் பேசுவோர், படிப்போர், எழுதுவோர் ஆகியோரின் நிஜமான, கற்பனையான, சாத்தியமான வாழ்க்கைகளை ________ ஆற்றலில் இருக்கிறது."

கோடிட்ட இடத்தில் அவர் போட்டிருக்கும் வினைச்சொல் 'லிம்'. ஆங்கிலத்தில் எல், ஐ, எம், என் என்று நான்கே எழுத்து. அகராதியைப் புரட்டினால் 'ஓவியம் வரை', 'விவரி' என்று இரண்டு பொருள் கிடைக்கிறது. முதலாவதைப் போட்டால், மொழி கையில் தூரிகையோடு உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. இரண்டாவதைப் போட்டால் வாக்கியம் அரசாணை ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லை இதற்குமுன் நான் பேச்சில் கேட்டதே இல்லை. கடைசி 'என்' ஒலிக்குமா, ஒலிக்காதா? தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

சொல்பொறுக்கி எழுதியது:

கை, கால் முதலிய உறுப்புகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'லிம்' என்றுதானே ஒலிக்கிறது? உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்லுதல் என்ற பொருளில் வந்திருக்கலாம். 'அங்கம் அங்கமாக விவரிக்கும்' என்று போடுங்கள், நன்றாக இருக்கும்.

வேர்தேடி எழுதியது:

நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். இரண்டுக்கும் ஒலியைத் தவிர வேறு உறவே கிடையாது. உறுப்பைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. அதன் கடைசியில் உள்ள 'பி' கூடப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

நம் 'லிம்' வேறு குலம். லத்தீனில் 'லூமென்' என்றால் ஒளி. அதிலிருந்து ஒளியூட்டுதல் என்னும் வினை. அது பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் 'லூமினன்' என்ற வடிவில் நுழைந்து, தேய்ந்து, உயிரெழுத்து திரிந்து 'லிம்' ஆயிற்று. 'இல்லுமினேட்' என்ற சொல் இதன் உடன்பிறப்பு. அது வாட்டசாட்டமாக வளர்ந்தது, இது இளைத்துப்போனது.

ஒளியூட்டுதல் எப்படி ஓவியமானது என்று கேட்பீர்கள். அச்சு வருவதற்குமுன் ஐரோப்பாவில் நூல்களைத் தோலில் கையால் எழுதிய காலத்தில், பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, பொன்னும் நீலமும் சிவப்பும் ஏற்றி அலங்கரிப்பார்கள். பக்கத்தைச் சாய்த்தால் பொன்தகடு மின்னும். அந்த வேலைக்குத்தான் 'ஒளியூட்டுதல்' என்று பெயர், அதைச் செய்தவர் 'லிம்னர்'. ஆக இந்தச் சொல் பிறந்த இடமே எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் கூடுகிற இடம். 'வரை' என்பதா 'விவரி' என்பதா என்று நீங்கள் திண்டாடுவது அந்தப் பிறப்பிலேயே இருக்கிறது.

ஒலிப்பைப் பற்றி: 'லிம்' என்று சொன்னால் போதும், 'என்' ஊமை. ஆங்கிலத்தில் துதிப்பாடலைக் குறிக்கும் 'ஹிம்', இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'ஆட்டம்' இவற்றிலும் அப்படித்தான். ஆனால் விகுதி சேர்ந்தால் ஊமை வாய் திறந்துவிடும். 'ஆட்டம்' பெயரடையாகும்போது 'ஆட்டம்னல்' ஆவது போல. 'லிம்னர்' என்பதை 'ன்' சேர்த்தும் சொல்கிறார்கள், 'லிம்மர்' என்று விட்டும் சொல்கிறார்கள். இரண்டும் அகராதியில் உண்டு.

தூரிகைக்காரி எழுதியது:

நான் சிற்றோவியம் பழகுபவள், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. வேர்தேடி ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அச்சு வந்து சுவடிக்கு வேலை குறைந்த பிறகும் 'லிம்' சாகவில்லை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஒரு குறிப்பிட்ட கலையின் பெயராயிற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவப்படங்களை நீர்வண்ணத்தில், பதப்படுத்திய மெல்லிய தோலின்மீது வரையும் கலை. தோல் சுருளாமல் இருக்க அதைச் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டில் ஒட்டிவிடுவார்கள். சில படங்களின் முதுகைத் திருப்பினால் இன்றும் சீட்டின் குறிகள் தெரியும். அரசியின் முகத்துக்குப் பின்னால் யாரோ ஆடித் தோற்ற சீட்டு!

இந்தக் கலையின் பெரிய கை நிக்கலஸ் ஹில்லியார்ட் (1547-1619). முதலாம் எலிசபெத்தின் ஓவியர். லிம் செய்யும் கலையைப் பற்றி 1600ஐ ஒட்டி ஒரு கையேடும் எழுதினார். அது அச்சேறியது 1912இல்தான், அதாவது முந்நூறு ஆண்டு கழித்து. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. படத்துக்கு அமரும் முன் அரசி அவரிடம் நிழலைப் பற்றிக் கேட்டுப் பேசியதாகவும், பிறகு மர நிழலோ வேறு நிழலோ விழாத, தோட்டத்தின் திறந்த பாதையில் அமர்ந்ததாகவும் எழுதுகிறார். முகத்தில் அழுத்தமான நிழல் கூடாது. கோட்டாலேயே சாயலைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லின் பிறப்பில் இருந்த ஒளி, தொழிலிலும் விடாமல் தொடர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஒரு கிளைக்கதை. 'மினியேச்சர்' என்ற சொல்லும் சிறுமையைக் குறித்துப் பிறந்தது இல்லை. 'மினியம்' என்பது சுவடிகளில் பூசிய செந்நிற ஈயச் சாயம். படங்கள் சிறியனவாக இருந்ததால் பின்னால் அந்தச் சொல்லுக்கே 'சிறியது' என்ற பொருள் வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஒரு பெயர் ஒளியிலிருந்தும், மற்றொன்று சாயத்திலிருந்தும்!

மெய்ப்புநோக்கி எழுதியது:

கதையெல்லாம் சுவையாக இருக்கிறது. முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் ஒரு தண்ணீர்க்குடத்தைக் கவிழ்க்கிறேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று, இன்று அது என்ன வேலை செய்கிறது என்பது மற்றொன்று. இன்றைய ஆங்கிலத்தில் 'லிம்' என்பது மதிப்புரையாளர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அணிகலன். நியூயார்க் டைம்ஸில் 2017 வரை நூல் மதிப்புரை எழுதிவந்த மிச்சிகோ கக்குடானி இந்தச் சொல்லைக் கையாண்டதே பிற எழுத்தாளர்களின் கிண்டலுக்குப் பொருளாயிற்று.

இன்னொன்றும் உண்டு. 2010 செப்டம்பரில் 'பால்டிமோர் சன்' நாளிதழ் முதல் பக்கத் தலைப்பிலேயே 'லிம்' என்று போட்டது. எதிரெதிராக விழுந்த வாக்குகள் இரு வேட்பாளர்களின் வேறுபாட்டைத் துலக்கிக் காட்டுகின்றன என்பது செய்தி. தலைப்பில் நாலெழுத்துச் சொல் கிடைத்தால் எந்த உதவி ஆசிரியரும் விடமாட்டார். வாசகர்கள் விடவில்லை. செய்தித்தாளைப் படிக்க அகராதி வேண்டுமா என்று புகார் செய்தார்கள். எனக்கு அந்த வாசகர்கள் பக்கம்தான் சாய்வு.

ஓரக்குறிப்பு அவர்களே, 'விவரிக்கும்' என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். சொல்லின் குலம் கோத்திரத்தை மொழிபெயர்ப்பில் ஏற்ற முடியாது.

தூரிகைக்காரி எழுதியது:

மாரிசன் என்ன, தலைப்புக்கு இடம் போதாமல் நாலெழுத்துச் சொல் தேடினாரா? 'விவரி' என்பதற்கு ஆங்கிலத்தில் சாதாரணச் சொல் இருக்கும்போது இதை எடுத்திருக்கிறார் என்றால் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

நள்ளிரவு வாசகி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் அதிகம் படிப்பது மாயாஜாலப் புதினங்கள். அங்கே இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்குகிறது, ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு பொருளிலும் இல்லை. 'நிலவொளி கோட்டையின் விளிம்பை லிம் செய்தது', 'வாளின் ஓரம் நீலச் சுடரால் லிம் ஆகியிருந்தது' என்கிற மாதிரி வரும். அதாவது உருவத்தின் விளிம்பில் மட்டும் ஒளி ஓடுவது. இதை எப்படிச் சேர்ப்பது?

வேர்தேடி எழுதியது:

அருமையான கேள்வி. 'புறக்கோட்டைத் தெளிவாகக் காட்டு' என்ற பொருள் இன்றைய அகராதிகளில் உண்டு. ஓவியன் முதலில் புறக்கோடு போடுகிறான். அங்கிருந்து விளிம்புக்கு வந்திருக்கும். எழுத்தாளர்கள் அந்த விளிம்பில் நிலவை ஏற்றிவிட்டார்கள். கண்டிப்பான ஆசிரியர்கள் சிலர் இதைப் பிழை என்று அடிப்பார்கள். நான் அடிக்க மாட்டேன். ஒளி என்ற பொருளைத் தொலைத்துவிட்டு ஐந்நூறு ஆண்டு அலைந்த சொல், வேரே தெரியாதவர்கள் கையில் மீண்டும் ஒளிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஆட்சிகளையும் பார்த்துவிடுவோம். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், காட்டுக்குத் துரத்தப்பட்ட பெரிய பிரபு, ஓர்லாண்டோ என்ற இளைஞன் தன் பழைய நண்பரின் மகன் என்று அறிகிறார். அந்தத் தந்தையின் சாயல் உன் முகத்தில் உள்ளபடியே லிம் செய்யப்பட்டு உயிரோடு இருப்பதை என் கண் காண்கிறது என்கிறார். உள்ளங்கைப் படங்களின் பொற்காலத்தில் எழுதிய வரி இது. சட்டைக்குள் சங்கிலியில் கோத்த சிறு படம் கேட்டவர்களின் மனத்தில் வந்திருக்கும். மகனின் முகமே தந்தையின் படம்.

அடுத்தது பிரான்சிஸ் பேக்கனின் பெயரில் வழங்கும் கவிதை. உலகம் ஒரு நீர்க்குமிழி என்று தொடங்கும். நிலையில்லாத மானிட வாழ்வை நம்புகிறவன் யார்? நீர்மேல் லிம் செய்பவன், அல்லது புழுதியில் எழுதுபவன். அவ்வளவுதான் வரி.

ஏடுபெயர்ப்பான் எழுதியது:

வேர்தேடி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். நீர்மேல் எழுத்து! மூதுரையில் இருப்பது. ஈரமில்லாத நெஞ்சத்தார்க்குச் செய்த உபகாரம் 'நீர்மேல் எழுத்திற்கு நேர்'. ஆங்கிலக் கவிஞருக்கு இங்கே இரண்டு வினை வேண்டியிருக்கிறது, நீருக்கு 'லிம்', புழுதிக்கு 'எழுது'. தமிழில் இரண்டுக்கும் 'எழுது' ஒன்றே போதும். இதை நான் சும்மா சொல்லவில்லை. பழைய தமிழில் 'எழுது' என்றால் ஓவியம் தீட்டுவதும்தான், மை தீட்டுவதும்தான்.

குறளை எடுங்கள். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' (1285). இங்கே யாரும் கடிதம் எழுதவில்லை. கண்ணுக்கு மை எழுதுகிறாள். மைதீட்டும் கோல் இமைக்கு வந்தவுடன் அந்தக் கோலைக் கண்ணால் காண முடிவதில்லை. அதுபோலக் கணவன் எதிரே வந்துவிட்டால் அவன் குற்றம் தெரிவதில்லை என்கிறாள். 'கண்ணும் எழுதேம்' (1127) என்ற இடத்திலும் அதே மைதான். காதலர் கண்ணுக்குள் இருக்கிறார், மை எழுதினால் மறைந்துவிடுவார் என்று எழுதாமல் விடுகிறாள்.

ஆக ஆங்கில 'லிம்' படத்தில் தொடங்கிச் சொல்லுக்கு வந்தது. நம் 'எழுது' படத்துக்கும் சொல்லுக்கும் பொதுவாக இருந்து, படத்தை மெல்ல விட்டுவிட்டது. ஓரக்குறிப்புக்கு என் பரிந்துரை: 'வாழ்க்கைகளை எழுதிக்காட்டும் ஆற்றலில்'.

ஓரக்குறிப்பு எழுதியது:

ஐயா, படித்து மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் உதைக்கிறது. அதே வாக்கியத்தில் 'எழுதுவோர்' வருகிறார்கள். 'எழுதுவோரின் வாழ்க்கையை எழுதிக்காட்டும்' என்றால் கூறியது கூறலாகிவிடுகிறது. பேசுவோரையும் படிப்போரையும் வெளியே நிறுத்திவிட்டதுபோலும் ஆகிறது. இன்றைய வாசகருக்கு 'எழுது' என்றால் பேனாதானே ஞாபகம் வரும்?

ஏடுபெயர்ப்பான் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

சொல்பொறுக்கி எழுதியது:

அங்கம் அங்கமாகச் சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். 'புனை' எப்படி? நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' வருகிறது அல்லவா, வண்ணம் தீட்டாத கோட்டுப்படம். அணிகலன் களைந்த அரசிக்கு அதை உவமையாக்கியிருப்பார்கள். புனைதல் என்றால் வண்ணம் ஏற்றுதல், அழகு செய்தல். இன்றைக்குப் புனைவு என்றால் கதை. படத்திலிருந்து சொல்லுக்கு வந்த பயணம் 'லிம்' போலவே இருக்கிறது.

மெய்ப்புநோக்கி எழுதியது:

சொல்பொறுக்கியாரே, இந்த முறை நல்ல கல்லைத்தான் பொறுக்கியிருக்கிறீர்கள். ஆனால் நிஜமான வாழ்க்கையை எப்படிப் புனைவது? 'புனைந்துரைத்தார்' என்றால் இன்று பொய் சொன்னார் என்று பொருள். கற்பனையான வாழ்க்கைக்குச் சரி, சாத்தியமான வாழ்க்கைக்கும் பாதி சரி. மூன்றுக்கும் பொதுவாக ஒரே வினை வேண்டும்.

தூரிகைக்காரி எழுதியது:

ஆகா, மெய்ப்புநோக்கி ஐயா 'விவரி'யை விட்டு இறங்கி வந்துவிட்டார். கவனித்தீர்களா?

மெய்ப்புநோக்கி எழுதியது:

இறங்கவில்லை. வாசற்படியில் நிற்கிறேன்.

வேர்தேடி எழுதியது:

உரையை இன்று மறுபடியும் படித்தேன். மாரிசன் ஏன் இந்தச் சொல்லை எடுத்தார் என்று தூரிகைக்காரி கேட்டதற்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன.

ஒன்று, உரை முழுவதும் ஒரு கதையின்மேல் கட்டப்பட்டது. கண் தெரியாத அறிவாளியான கிழவி. அவளைச் சோதிக்க வரும் பிள்ளைகள், எங்கள் கையில் இருக்கும் பறவை உயிரோடிருக்கிறதா, செத்ததா என்று கேட்கிறார்கள். பறவையை மொழியாகவும் கிழவியை எழுத்தாளராகவும் மாரிசன் படித்துக்காட்டுகிறார். மொழியைப் பற்றி அந்தக் கிழவி என்ன நினைப்பாள் என்று விரித்துச்செல்லும் பகுதியில்தான் உங்கள் வாக்கியம் வருகிறது. கண்ணில்லாதவளின் சிந்தனைக்குள் போய், கண்ணுக்கே உரிய ஒரு வினையை வைத்திருக்கிறார். 'விவரி' என்று போட்டால் இந்த முரண் போய்விடும்.

இரண்டு, அடுத்த வாக்கியம். மொழி சில வேளை அனுபவத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் நிற்கும், ஆனாலும் அனுபவத்துக்கு அது மாற்றாகாது என்கிறார். பொருள் இருக்கக்கூடிய இடத்தை நோக்கி வளைந்து செல்கிறதாம். உருவப்படமும் அப்படித்தான். ஆளைப்போல் இருக்கும், ஆள் ஆகாது. 'படைக்கும்', 'உருவாக்கும்' என்றெல்லாம் யாராவது சொல்ல வந்தால், அந்த அடுத்த வாக்கியமே அவர்களைத் தடுத்துவிடும்.

தூரிகைக்காரி எழுதியது:

அப்படியானால் 'வரைந்து பார்க்கும்'! சாத்தியமான வாழ்க்கைகளை மொழி வரைந்து பார்க்கிறது. தமிழில் இந்தப் 'பார்' எவ்வளவு கெட்டிக்காரத்தனமான துணைவினை! முயன்று பார்த்தலும் அதில் இருக்கிறது, கண்ணால் பார்த்தலும் இருக்கிறது. பொருளை நோக்கி வளைந்து செல்கிற முயற்சியும் வந்துவிடும்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

அழகு. ஆனால் அந்த முயற்சியை நீங்கள் அடுத்த வாக்கியத்திலிருந்து கடன் வாங்கி இங்கே வைக்கிறீர்கள். 'லிம்' என்ற வினையில் தயக்கம் கிடையாது. அது கை நடுங்காமல் போடும் கோடு, நீங்கள் சொன்ன ஹில்லியார்டின் கோடு. 'வரைந்து பார்த்தான்' என்றால் சரியாக வராமல் அழித்துவிட்டான் என்பதும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆசிரியர் அங்கே வைக்காத சந்தேகத்தை நாம் வைக்கக் கூடாது.

தூரிகைக்காரி எழுதியது:

வலிக்கிறது, ஆனால் உண்மை. நான் வரைந்து பார்ப்பவற்றில் பாதி குப்பைக்குத்தான் போகிறது.

நள்ளிரவு வாசகி எழுதியது:

'தீட்டு' என்று யாருமே சொல்லவில்லையே? ஓவியம் தீட்டினான், மை தீட்டினாள் என்கிறோம். கட்டுரை தீட்டினார் என்று பழைய பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். படம், சொல் இரண்டுக்கும் வருகிறது.

ஏடுபெயர்ப்பான் எழுதியது:

கத்தி தீட்டுவதையும் அரிசி தீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்த்துத் தேய்த்து உள்ளிருக்கும் பளபளப்பை வெளியே கொண்டுவரும் வேலை. ஒளி அங்கேயும் வந்துவிட்டது! பெயர்ச்சொல்லாக இருந்தால்தான் 'தீட்டு' வேறு தொல்லைகளைக் கூட்டிவரும். வினையாக நின்றால் பயமில்லை.

'கட்டுரை தீட்டினார்' என்பது இன்று கொஞ்சம் மேடைத்தமிழாக ஒலிக்கிறது என்பது உண்மை. அது குறையா என்று யோசித்தேன். மெய்ப்புநோக்கி சொன்னதே விடை. ஆங்கிலத்தில் 'லிம்' என்பதும் மேடைச் சொல்தான், யாரும் அதைத் திண்ணையில் பேசுவதில்லை. சற்று எடுப்பான சொல்லுக்குச் சற்று எடுப்பான சொல். 'விவரி' என்று போட்டால் அந்த எடுப்பு இறங்கிவிடுகிறது.

மெய்ப்புநோக்கி எழுதியது:

என் அம்பை எடுத்து என்மேலேயே விட்டுவிட்டார். சரி, உள்ளே வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மதிப்புரைகளிலும் செய்தித்தாள்களிலும் இந்தச் சொல் வந்தால் 'சித்திரிக்கிறது', 'துலக்கிக் காட்டுகிறது' என்று எளிதாக முடித்துவிடுங்கள். அங்கெல்லாம் தீட்டத் தொடங்கினால் வாசகர் அகராதியோடு நம்மைத் தேடி வருவார்.

வேர்தேடி எழுதியது:

அதற்கு என் கையெழுத்தும் உண்டு. நிலவு ஒளிரும் கோட்டைக்கு 'விளிம்பில் ஒளி படர்ந்தது' போதும், வினையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

போகிறபோக்கில் ஒரு தகவல். வினை இப்படி அரிதாகிப்போனாலும் பெயர்ச்சொல் சம்பளப் பட்டியலிலேயே இருந்த சொல்லாக்கும்! ஸ்காட்லாந்தில் அரச குடும்பத்தின் 'பெயின்டர் அண்ட் லிம்னர்' என்ற பதவி உண்டு. 1823இல் ஹென்றி ரேபர்ன் அதில் அமர்த்தப்பட்டார்; 2001இல் எலிசபெத் பிளாக்காடர் என்ற பெண் ஓவியர். அமெரிக்காவிலோ கதை நேர் எதிர். குடியேற்றக் காலத்தில் உருவப்படம் வரைந்து, பெயர் போடாமல் போன ஓவியர்களைத்தான் அங்கே லிம்னர் என்கிறார்கள். 1670களில் பாஸ்டனில் ஃப்ரீக் குடும்பத்தை வரைந்தவர் யார் என்று தெரியாது. 'ஃப்ரீக் லிம்னர்' என்பதே அவர் பெயர். ஓர் இடத்தில் அரச பட்டம், இன்னோர் இடத்தில் முகவரி இல்லாதவருக்கு முகவரி.

ஓரக்குறிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு வாக்கியத்தை முடித்துவிட்டேன். 'தீட்டும்' என்று மட்டும் நிறுத்தாமல் 'காட்டும்' என்பதையும் சேர்த்திருக்கிறேன். கண் தெரியாத கிழவியின் நினைப்பாக வரும் இடத்தில் 'காட்டு' என்ற சொல் இருக்கட்டும் என்று தோன்றியது. உயிர்த்துடிப்பு என்பதையும் உயிர் என்று சுருக்கிவிட்டேன், பறவையின் கேள்வி அங்கேயும் எட்டிப்பார்க்கட்டும். இதோ:

"மொழியின் உயிர், அதைப் பேசுவோர், படிப்போர், எழுதுவோர் ஆகியோரின் நிஜமான, கற்பனையான, சாத்தியமான வாழ்க்கைகளை தீட்டிக்காட்டும் ஆற்றலில் இருக்கிறது."

தூரிகைக்காரி எழுதியது:

சட்டம் போட்டு மாட்டலாம்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

மாட்டுவதற்குமுன், 'வாழ்க்கைகளைத் தீட்டிக்காட்டும்'. ஒற்று விட்டுப்போயிற்று.